பெண்களுக்கு மட்டும் இலவச பஸ்: இது பாகுபாடா?

வெள்ளைப் பலகை பஸ்ஸில் கண்டக்டர் பெண்களுக்குக் காசு வாங்காமல் டிக்கெட் கிழித்துக் கொடுக்கும்போது, "நாங்களும்தானே வரி கட்டுறோம், இது பாகுபாடு இல்லையா?" என்று யாராவது ஒருத்தர் ஆரம்பிப்பார். இல்லை. மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் இவற்றை மட்டுமே காரணமாக வைத்து அரசு பாகுபாடு காட்டக்கூடாது என்கிற அரசியல் சாசனத்தின் 15ஆவது பிரிவே, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி ஏற்பாடு செய்யலாம் என்று 3ஆவது உட்பிரிவில் சொல்லிவிடுகிறது.

பிரித்துப் பார்ப்பதே தப்பு என்றால் எந்தச் சட்டமும் ஓடாது. 18 வயசு ஆகாதவருக்கு கார் லைசென்ஸ் கிடையாது, அதை யாரும் அநியாயம் என்பதில்லை. கோர்ட் பார்ப்பது இரண்டு விஷயம்தான்: பிரிக்கிற கோடு தெளிவாக இருக்கிறதா, அந்தக் கோட்டுக்கும் சட்டத்தின் நோக்கத்துக்கும் சம்பந்தம் இருக்கிறதா. ஏர் இந்தியாவில் பணிப்பெண் முதல் முறை கர்ப்பமானாலே வேலை போய்விடும் என்று ஒரு விதி இருந்தது, 1981இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. (சேர்ந்த நாலு வருஷத்துக்குள் கல்யாணம் செய்தால் வேலை போகும் என்ற விதியை மட்டும் அதே தீர்ப்பு விட்டுவைத்தது, என்ன கணக்கோ!)

இட ஒதுக்கீட்டுக்கும் இதே கேள்வி வந்தது. சாதி, மத வாரியாக இடங்களைப் பிரித்துக் கொடுத்த சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையை 1951இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ய, இங்கே போராட்டம் வெடித்தது, அதே வருஷம் அரசியல் சாசனத்துக்கு முதல் திருத்தம் வந்து, பிற்படுத்தப்பட்டவர்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் தனி ஏற்பாடு செய்யலாம் என்கிற 15(4) சேர்ந்தது.

அதிகம் பேர் கவனிக்காதது இதன் மறுபக்கம். எல்லாரையும் ஒரே மாதிரி நடத்துவதும் பாகுபாடு ஆகலாம். கை நடுக்கத்தால் எழுத முடியாத மாணவர் பரீட்சையில் தான் சொல்லச் சொல்ல எழுதித்தர ஓர் எழுத்தர் கேட்கிறார், "எல்லாருக்கும் ஒரே ரூல்தான் தம்பி" என்று ஆபீஸில் அனுப்பிவிடுகிறார்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, நியாயமான வசதி செய்துதர மறுப்பதே பாகுபாடுதான். 40 சதவீத ஊனம் இருந்தால்தான் எழுத்தர் கிடைப்பார் என்ற வாதத்தையும் 2021இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை, அது சிவில் சர்வீஸ் தேர்வு எழுதிய ஒருவரின் வழக்கு.

இப்படி மறுத்தால் வாய்ச்சண்டை வேண்டாம். காரணத்தை எழுத்தில் கேளுங்கள், அப்புறம் டாக்டர் சான்றிதழோடு சேர்த்து மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு மனு போடுங்கள். சம்பந்தப்பட்டவர்களை வரவழைத்து, ஆவணங்களைக் கேட்டு விசாரிக்க அவருக்கு சிவில் கோர்ட்டின் அதிகாரம் உண்டு.