‘பிளவுஸ் எங்க தைச்சீங்க?’: வாய்ச்சொல்லுக்குள் இருக்கும் கணக்கு

கல்யாண மண்டபத்தில் பந்திக்கு நிற்கும் கூட்டம். முன்னால் நிற்பவரின் பின்கழுத்து வெட்டையே பார்த்துக்கொண்டிருந்த பெண், மெல்லத் தோளைத் தொட்டு, "அக்கா, பிளவுஸ் எங்க தைச்சீங்க?" என்று கேட்கிறாள். தையற்கடைக்காரர் அங்கே இல்லை. ஆனாலும் அவருடைய வியாபாரம் நடந்துகொண்டிருக்கிறது. தொற்றுநோய் பரவும் வேகத்தை அளக்கும் அதே கணக்கால் இதையும் அளக்கலாம்.

ஒரு வாடிக்கையாளர் சராசரியாக எத்தனை புது வாடிக்கையாளரைக் கொண்டுவருகிறார் என்பதுதான் பெருக்கு எண். அந்த எண் 1-ஐத் தாண்டினால் விளம்பரமே வேண்டாம், கூட்டம் தானாகப் பெருகும். பெரும்பாலான கடைகளுக்கு அது 1-க்குக் கீழேதான் நிற்கும். அப்படி நின்றாலும் பயன் பெரிது. எண் 0.3 என்றால், பெயர்ப்பலகை பார்த்து வந்த 100 பேர் 30 பேரை அழைத்து வருவார்கள். அந்த 30 பேர் 9 பேரை. இப்படியே கூட்டிக்கொண்டு போனால் மொத்தம் 143. 0.5 என்றால் 200. 0.7-க்கு 333, 0.8-க்கு 500. எண் ஏற ஏற, அடுத்த சின்ன முன்னேற்றம் தரும் லாபமும் பெரிதாகிறது.

இந்த எண் எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்போம். 100 பேரில் 60 பேர் ஆளுக்கு இருவரிடம் கடையைப் பற்றிச் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். கேட்டவர்கள் 120 பேர். அதில் மூன்றில் ஒருவருக்கு, அதாவது 40 பேருக்கு, இப்போது தைக்க வேண்டிய துணி இருக்கிறது. கடைக்கு வந்து சேர்வது 20 பேர்தான். மீதி 20 பேர் எங்கே போனார்கள்? "பேர் ஞாபகமில்ல, பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு சந்து" என்ற பதிலோடு தொலைந்துபோனார்கள். பிளவுஸின் உட்கழுத்தில் கடைப் பெயரும் போன் நம்பரும் போட்ட சின்ன லேபிள், பையில் இரண்டு விசிட்டிங் கார்டு. இவற்றால் இன்னும் 10 பேர் வந்து சேர்ந்தாலே எண் 0.2-லிருந்து 0.3 ஆகிவிடும்.

தாமதம் இதைவிடப் பெரிய ஓட்டை. முகூர்த்தத்துக்கு மறுநாள் கொடுத்த பிளவுஸை அந்த மண்டபத்தில் ஒருவரும் பார்க்கவில்லை. தையல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் கேள்வி கேட்க ஆளில்லை.

விளம்பரம் தேவையே இல்லை என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடக் கூடாது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வீரிய ஒட்டு மக்காச்சோள விதை பரவியதைப் பிரைஸ் ரயனும் நீல் கிராஸும் ஆராய்ந்து 1943-இல் வெளியிட்டார்கள். 259 விவசாயிகளில் இருவரைத் தவிர எல்லோரும் 1928-க்கும் 1941-க்கும் இடையில் அந்த விதைக்கு மாறியிருந்தார்கள். விதையைப் பற்றிப் பலர் முதலில் கேள்விப்பட்டது விற்பனையாளரிடம். விதைக்கலாம் என்ற துணிச்சலைக் கொடுத்ததோ பக்கத்து வயல்காரர். நம் கணக்கில் வரும் முதல் 100 பேருக்குப் பலகையும் விளம்பரமும் வேண்டும். பெருக்கும் வேலை பக்கத்து வீட்டுக்காரருடையது.

சொல்லி வருபவர்கள் தரமான வாடிக்கையாளர்களா? ஜெர்மனியில் ஒரு வங்கியின் சுமார் 10,000 வாடிக்கையாளர்களை ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2011-இல் வெளியானது. ஆள் சேர்த்துவிட்டவருக்கு 25 யூரோ பரிசு. அப்படி வந்தவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 16 சதவீதம் கூடுதல் மதிப்புள்ளவர்களாக இருந்தார்கள். தொடக்கத்தில் அவர்கள் தந்த கூடுதல் லாபம் நாளடைவில் தேய்ந்தது. விட்டுப் போகாமல் நிலைக்கும் குணம் தேயவில்லை. சொல்பவருக்குக் கடையும் தெரியும், தோழியும் தெரியும். ஒத்துவராத ஆளை அவர் அனுப்புவதில்லை.

பரிசு பெரிதானால் இந்தச் சல்லடைதான் முதலில் கிழிகிறது; கமிஷனுக்காக யாரை வேண்டுமானாலும் அனுப்பத் தோன்றும். தையற்கடைக்குப் பணத்தைவிட, சொன்னவருக்கும் வந்தவருக்கும் ஒரு சேலைக்கு ஃபால்ஸ் அடித்துக் கொடுப்பதே பொருத்தம் என்பேன். தோழிக்கும் ஏதோ கிடைக்கிறது என்பதால் சொல்பவருக்குக் கூச்சமும் இருக்காது.

யாரிடம் சொன்னால் ஊர் முழுக்கப் போகும்? ஹரியானாவில் 521 கிராமங்களில் தடுப்பூசி முகாம் செய்தியை வைத்து இதைச் சோதித்தார்கள். "இந்த ஊரில் சேதியை நன்றாகப் பரப்புகிறவர் யார்?" என்று ஊராரிடமே கேட்டு, அவர்கள் சொன்ன ஆட்களிடம் செய்தியைக் கொடுத்தார்கள். குலுக்கல் முறையில் எடுத்த ஆட்களிடம் கொடுத்த கிராமங்களைவிட, இங்கே மாதந்தோறும் ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகள் 22 சதவீதம் அதிகம். ஊர்ப் பெரியவர், அதிகம் செலவழிப்பவர் என்று நாமாக ஊகிக்க வேண்டியதில்லை. கேட்டாலே போதும்.

கடையில் இதைக் கண்டுபிடிக்க, அளவு நோட்டில் ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டு, "யார் சொல்லி வந்தீங்க?" என்று கேட்டுப் பெயரை எழுதுங்கள். மூன்று மாதத்தில் நாலைந்து பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். அப்படி வந்துகொண்டிருந்த பெயர் ஒன்று திடீரென்று நின்றுபோனால், அவர் கடைசியாகக் கொடுத்த துணியின் பக்கத்தைப் புரட்டுங்கள். சொன்ன தேதிக்குக் கொடுத்தீர்களா என்று பாருங்கள். அக்குள் பக்கம் இறுக்கிப் பிடித்ததா என்று அவரிடம் போனில் கேட்டு, பிரித்துத் தைத்துக் கொடுங்கள்.