பெட்டி ஜெல்லிமீன் தோலில் பதிக்கும் ஏணி வரிகள்

ஆஸ்திரேலியாவின் வடக்குக் கடலில் வாழும் கைரோனெக்ஸ் ஃபிளெக்கெரி என்ற பெட்டி ஜெல்லிமீனுக்கு 60 இழைகள் வரை உண்டு. ஒவ்வொன்றும் 3 மீட்டர் வரை நீளும். அது கொட்டிய இடத்தில் பழுப்பும் ஊதாவும் கலந்த பட்டைகள் எழும்பி நிற்கும். பட்டைக்குக் குறுக்கே ஏணிப்படிகள் போல வரிகள் ஓடும். இழையில் கொட்டும் செல்கள் வளையம் வளையமாக அமைந்திருக்கின்றன. அந்த அமைப்பே தோலில் அச்சாக விழுகிறது. இந்தியக் கரைகளிலும் ஒதுங்கும், ஜெல்லிமீன் போன்ற நீலநிற மிதவை உயிரியான பைசேலியாவில் இச்செல்கள் கொத்துக் கொத்தாக இருப்பதால், அதன் தடம் மணி கோத்த சரமாகத் தெரியும். மருத்துவர்கள் முதலில் பார்ப்பது இந்தத் தடத்தைத்தான்.

ஒவ்வொரு கொட்டும் செல்லுக்குள்ளும் நெமட்டோசிஸ்ட் என்ற நுண்ணிய உறை இருக்கிறது. அதனுள் நஞ்சும், சுருட்டி வைத்த முள்குழலும். உறைக்குள் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 150 மடங்கு. ஏதாவது உரசியதும் மூடி திறந்து குழல் பாய்கிறது. இதே வகை உறை கொண்ட ஹைட்ரா என்ற சிறு நன்னீர் உயிரியில் அளந்து பார்த்தபோது, முள் வெளிப்படும் கட்டத்துக்கு ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரம்கூட ஆகவில்லை. உறை வெடிக்க மூளையின் கட்டளை தேவையில்லை. அறுந்த இழையும், கரையில் செத்துக் கிடக்கும் ஜெல்லிமீனும் கொட்டுவது அதனால்தான்.

நஞ்சிலுள்ள புரதங்கள் செல் சவ்வில் துளையிடுகின்றன. செல்லின் பொட்டாசியம் வெளியே கசிகிறது, சிவப்பணுக்கள் உடைகின்றன. தோலில் உடனே தடிப்பு, சில மணி நேரத்தில் கொப்புளம். கடுமையாகக் கொட்டியிருந்தால் 12 முதல் 18 மணி நேரத்தில் தோல் கருகி அழுகத் தொடங்கும். பல மீட்டர் இழை உடலில் பட்டு நஞ்சு இரத்தத்தில் நிறையக் கலந்துவிட்டால், தோல் கருகும்வரை காத்திராது: சில நிமிடங்களில் இதயமே நின்றுவிடலாம். சுவாசமோ துடிப்போ இல்லையென்றால் இதய இயக்க மீட்பு முதலுதவிதான் முதல் வேலை.

தோலில் ஒட்டிய இழையில் பெரும்பாலான உறைகள் இன்னும் வெடிக்காமல் இருக்கும். இதை மறந்து மணலாலோ துண்டாலோ தேய்ப்பதுதான் மிகப் பெரிய தவறு. நல்ல தண்ணீரும் சிறுநீரும் உதவாது, கேடு செய்யக்கூடும். ஒரு காலத்தில் மெதிலேட்டட் ஸ்பிரிட் என்ற எரிசாராயத்தை ஊற்றச் சொன்னார்கள். அது உறைகளை வெடிக்கச் செய்கிறது, வினிகரோ அவற்றை முடக்குகிறது என்று 1980-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அங்குள்ள கடற்கரைகளில் வினிகர் பாட்டில்கள் வைத்திருப்பது இதற்காகத்தான். குறைந்தது 30 நொடி தாராளமாக ஊற்றி, பிறகே இழைகளை எடுக்க வேண்டும். ஏற்கெனவே உள்ளே போன நஞ்சையும் வலியையும் வினிகர் ஒன்றும் செய்யாது. வலிக்கு ஐஸ் ஒத்தடம். நிலை மோசமானால் மருத்துவமனையில் நச்சுமுறி மருந்து.

பைசேலியாவுக்கு ஆஸ்திரேலிய முறையே வேறு: வினிகர் வேண்டாம், கடல்நீரால் கழுவி இழைகளை நீக்கிவிட்டு, 45 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 20 நிமிடம். சூட்டை முதலில் வேறொருவர் கைவிட்டுப் பார்ப்பது அவசியம்.

ஆறிவிட்டது என்று நினைத்த தடம் 7 முதல் 14 நாட்களில் மறுபடி சிவந்து கடுமையாக அரிக்கலாம். இது புது நஞ்சால் வருவதல்ல, உடலின் தாமதமான ஒவ்வாமை. ஸ்டீராய்டு களிம்பும் அரிப்பு மாத்திரையும் பெரும்பாலும் போதும். தோல் ஆழமாக அழுகிய இடத்தில் மட்டும் ஏணி வரிகள் நிரந்தரத் தழும்பாகத் தங்கிவிடும்.