ராகு காலமும் ஒரு திரும்பு வளையமும்

சுவிட்சர்லாந்தின் ஓல்ட்டன் நகரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய மகனுக்குப் பன்னிரண்டு வயது. உண்டியல் காசையெல்லாம் சேர்த்துப் பழைய சாமான் சந்தையில் ஒரு மாதிரி ரயில் செட் வாங்கியிருக்கிறான். இரண்டு தண்டவாள முறைப் பாதை, டிஜிட்டல் கன்ட்ரோலர், ஒரு சிவப்பு சுவிஸ் இன்ஜின், நான்கு பெட்டிகள். சாப்பாட்டு மேசையில், ஆல்ப்ஸ் மலையைக் கடக்கும் கோட்ஹார்ட் ரயில் பாதையின் கோஷனன் நிலையத்தைக் கட்டி, பின்னால் அட்டையில் மலை எழுப்பியிருக்கிறான். ரயில் சுரங்கத்துக்குள் போக வேண்டும், உள்ளே ஒரு வட்டமடித்து, அதே வாயில் வழியாக வெளியே வர வேண்டும். இத்தாலிக்குப் போய்த் திரும்பி வந்த கணக்கு. ஆனால் வளையத்தின் கடைசித் துண்டைப் பாயின்ட்டோடு (பாதை இரண்டாகப் பிரியும் இடம்) சேர்த்ததும் ‘டிக்’ என்று ஒரு சத்தம், கன்ட்ரோலரில் சிவப்பு விளக்கு, எல்லாம் நின்றுவிடுகிறது.

“வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்குப் பெட்டியைப் பிரிச்சா இப்பிடித்தான்” என்று அம்மம்மா சொல்லிவிட்டாராம்.

அம்மம்மாவோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம். ராகு காலம் நேரத்தில் வருவது. இந்தக் கோளாறு இடத்தில் வருகிறது. திங்கள் காலையிலும் செவ்வாய் இரவிலும் அதே பாயின்ட்டில் வளையம் சேரும்போதுதான் சிவப்பு விளக்கு எரிகிறது என்று வாசகியே எழுதியிருக்கிறார். நேரத்தை மாற்றினாலும் இடம் மாறாத கோளாறுக்குப் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பயனில்லை, தண்டவாளத்தைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் பையனின் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். “நிஜ கோட்ஹார்ட் பாதையிலும் ரயில் மலைக்குள் வட்டமடிக்கிறதே, அங்கே ஏன் இப்படி ஆவதில்லை?” என்று கேட்டிருக்கிறான்.

1882இல் திறந்த கோட்ஹார்ட் மலைப்பாதையில், வடக்கிலிருந்து ஏறும் ரயிலின் ஜன்னலில் வாசன் கிராமத்து மாதாகோவில் மூன்று முறை தெரியும். முதலில் தலைக்கு மேலே, அப்புறம் ஏறக்குறைய சமமாக, கடைசியில் கீழே. ஆயிரம் மீட்டருக்கு 26, 27 மீட்டருக்கு மேல் ஏறாமல் இருக்க, பாதையைச் சுற்றிச் சுற்றி நீளமாக்கினார்கள். பாஃபன்ஷ்ப்ருங் சுரங்கத்தில் ரயில் ஒரு முழு வட்டம் அடித்து, தான் வந்த பாதைக்கு மேலாகவே கடந்து போகிறது. (பற்சக்கரம் போட்டால் இதைவிடச் செங்குத்தாக ஏறலாம். ஊட்டி மலை ரயிலின் பற்சக்கர முறை ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளருடையது. அதன் பழைய நீராவி இன்ஜின்களும் வின்டர்தூரில் செய்யப்பட்டவைதான்.) 2016இல் 57 கிலோமீட்டர் அடிவாரச் சுரங்கம் வந்த பிறகு பெரும்பாலான விரைவு ரயில்கள் இந்த வேடிக்கையைப் பார்க்காமலே போய்விடுகின்றன. அது வேறு வருத்தம்.

விஷயம் இதுதான்: நிஜச் சுருள் சுரங்கத்தில் பாதை தன்னைத் தாண்டிப் போகிறது, தன்னோடு சேர்வதில்லை. சுருளாகச் சுற்றிவைத்த கயிறு மாதிரி. எத்தனை சுற்று சுற்றினாலும் ஒரு முனை ஒரு முனைதான். நம் பையன் கட்டியதோ சுருக்குக் கயிறு. போன பாதையிலேயே திரும்பி வந்து சேர்கிறது. ஜெர்மன்காரர்கள் இதை ‘கேர்ஷ்லைஃபெ’ என்பார்கள். திரும்பு வளையம் என்று வைத்துக்கொள்வோம்.

இடப் பஞ்சம்தான் எல்லாவற்றுக்கும் காரணம். வீடுகளில் அதிகம் புழங்கும் அளவு எச்ஓ, அதாவது நிஜத்தில் 87இல் ஒரு பங்கு. அந்த ‘ஓ’ உண்மையில் பூஜ்யம். பழைய பூஜ்ய அளவில் பாதி என்பதால் அரைப் பூஜ்யம். இந்த அளவில் பழைய 15 கிலோமீட்டர் கோட்ஹார்ட் சுரங்கத்தைக் கட்ட 172 மீட்டர் வேண்டும். ஹாம்பர்க்கின் மினியாட்டூர் வுண்டர்லாண்ட் என்ற மாதிரி ரயில் காட்சிக்கூடத்தில் மாட்டர்ஹார்ன் சிகரம் ஏறத்தாழ 6 மீட்டர் உயரத்தில் இரண்டு மாடியைத் துளைத்து நிற்கிறது. கணக்குப்படி அது 51 மீட்டர் இருக்க வேண்டும்! சுருக்காமல் கட்டக்கூடியவை சிலதான் உண்டு. ஆல்புலா என்ற சுவிஸ் மீட்டர்கேஜ் பாதையின் லாண்ட்வாசர் பாலம் 136 மீட்டர் நீளம், 65 மீட்டர் உயரம், வளைவின் ஆரம் 100 மீட்டர். 87ஆல் வகுத்தால் ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் உயரம். ஒரு மேசைக்குள் அடங்கிவிடும். சுவிஸ் மீட்டர்கேஜ் பாதைகளின் மேல் மாதிரிக்காரர்களுக்கு ஏன் இத்தனை பிரியம் என்பது இந்த வகுத்தலில் பாதி புரியும்.

மற்றபடி எல்லாரும் மறைவிடத்தை நம்பித்தான் கட்டுகிறார்கள். மலைக்கு அடியில் ‘நிழல் நிலையம்’ ஒன்று இருக்கும். ரயில்கள் அங்கே போய் ஒளிந்து, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வரும். திரும்பி வர வேண்டுமென்றால் எங்காவது ஒரு வளையம் வேண்டும்.

இப்போது ஒரு சின்ன சோதனை. ஒரு சிவப்புப் பேனாவையும் ஒரு நீலப் பேனாவையும் ரப்பர் பேண்டால் பக்கத்தில் பக்கத்தில் கட்டுங்கள். இடது கோடு சிவப்பு, வலது கோடு நீலம். காகிதத்தில் நேராகக் கொஞ்ச தூரம் இழுத்து, கையை மெல்லத் திருப்பியபடியே ஒரு வளையம் போட்டு, புறப்பட்ட பாதையிலேயே வந்து சேருங்கள். சேரும் இடத்தில் சிவப்புக் கோடு நீலக் கோட்டின் மேல் வந்து விழும். ரயிலைப் பொறுத்தவரை அதன் இடது பக்கம் எப்போதும் இடதுதான். ஆனால் ரயில் திரும்பிவிட்டதால், அதன் இடது இப்போது பழைய பாதையின் வலது. இரண்டு தண்டவாளங்களில் ஒன்று மின்சாரத்தின் ஒரு முனை, மற்றது மறுமுனை என்றால், இரண்டும் அந்த இடத்தில் நேராகத் தொட்டுக்கொள்கின்றன. ஷார்ட். கன்ட்ரோலர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடுகிறது. சிவப்பு விளக்கின் மர்மம் அவ்வளவுதான்.

நிஜ ரயிலுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் பெரிய பாதைகளில் மேலே ஓடும் கம்பியில் 15,000 வோல்ட். திரும்பிப் போகும் வழி தண்டவாளம். இடதும் வலதும் ஒரே முனை. இரண்டு பேனாவிலும் ஒரே மை இருந்தால் எது எதன் மேல் விழுந்தால் என்ன? கோப்பிங்கன் ஊரின் மார்க்லின் நிறுவனம் பிடிவாதமாக வைத்திருக்கும் மூன்று கடத்தி முறையும் இதேதான். இரு தண்டவாளமும் ஒரு முனை, நடுவில் வரிசையாகத் தெரியும் சின்னப் புள்ளிகள் மறுமுனை. இன்ஜினின் அடியில் ஒரு நீளப் பட்டை அந்தப் புள்ளிகளைத் தடவிக்கொண்டே போகும். பார்வைக்கு அந்தப் புள்ளிகள் எனக்குப் பிடிக்காது. நான் இரண்டு தண்டவாளக் கட்சி. ஆனாலும் மின்சாரக் கண்ணோடு பார்த்தால் மார்க்லின்தான் நிஜத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும்.

எங்கள் கட்சியில் பழைய தந்திரம் ‘நாய் எலும்பு’. ஒரு பெரிய வட்டத்தை நடுவில் இறுக்கிப் பிடித்தால் இரு முனையிலும் குமிழ், நடுவில் அருகருகே இரண்டு பாதை. பார்ப்பவருக்கு அது இரட்டைப் பாதை. உள்ளுக்குள் அது வெறும் வட்டம்தான், பாயின்ட்டே இல்லை, ஷார்ட்டும் இல்லை. ஒற்றைப் பாதைதான் வேண்டும் என்பவர்கள் வளையத்தைத் தனியாக வெட்டி, ரயிலை உள்ளே நிறுத்தி, ஒரு சுவிட்சைத் திருப்பி, மறுபடி கிளப்புவார்கள். பழைய நேர்மின்சார முறையில் வலது தண்டவாளம் நேர்முனை என்றால் முன்னே, மாறினால் பின்னே. ஓடும் ரயிலுக்கு அடியில் முனையை மாற்றினால் அது அங்கேயே பின்னோக்கி ஓடத் தொடங்கிவிடும். அதனால்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

இனி எனக்குப் பிடித்த பகுதி.

ஜெர்மனியின் கீசன் நகரத்து லென்ஸ் நிறுவனம் 1980களின் கடைசியில் உருவாக்கி, பின்பு அமெரிக்க மாதிரி ரயில் சங்கம் பொதுத் தரமாக்கிய டிசிசி (டிஜிட்டல் கமாண்ட் கன்ட்ரோல்) முறையில், தண்டவாளத்தில் போவது நேர்மின்சாரம் அல்ல. ஒவ்வொரு நொடியிலும் பல்லாயிரம் முறை முனை மாறிக்கொண்டே இருக்கும் சதுர அலை. இன்ஜினுக்குச் சோறும் சேதியும் ஒரே இலையில் வருகின்றன. சேதி எப்படி எழுதப்படுகிறது தெரியுமா? மின்னழுத்தம் கூடுவதிலோ குறைவதிலோ இல்லை. எந்த முனை எந்தப் பக்கம் என்பதிலும் இல்லை. ஒரு மாற்றத்துக்கும் அடுத்த மாற்றத்துக்கும் நடுவில் எவ்வளவு நேரம் போனது என்பதில் மட்டும். 58 மைக்ரோசெகண்ட் ஒரு பக்கம், 58 மறுபக்கம் என்றால் அது ‘ஒன்று’. பக்கத்துக்கு 100 மைக்ரோசெகண்ட் போல இழுத்தால் அது ‘பூஜ்யம்’. தாளத்தில் குறிலும் நெடிலும் மாதிரி. மிருதங்கத்தின் வலந்தலையில் அடித்தாலும் தொப்பியில் அடித்தாலும் இடைவெளி மாறாவிட்டால் தாளம் மாறாது.

ஒரு கட்டளை இப்படி வரும். குறைந்தது பதினான்கு ‘ஒன்று’கள் வரிசையாக, ‘கவனி’ என்பது போல. பிறகு எட்டு இலக்கத்தில் இன்ஜினின் எண். மூன்றாம் எண் இன்ஜினுக்கு 00000011. பிறகு எட்டு இலக்கத்தில் கட்டளை, உதாரணமாக 01101000, ‘இந்த வேகத்தில் முன்னே போ’. கடைசியில் 01101011. இது புதுச் செய்தி அல்ல. முதல் இரண்டையும் மேலும் கீழும் எழுதி, இலக்கங்கள் ஒத்திருந்தால் 0, வேறுபட்டால் 1 என்று போட்டுப் பாருங்கள், இதுவே வரும். இன்ஜினுக்குள் இருந்து செய்தியைப் படிக்கும் டிகோடர் என்ற சில்லும் அதையே போட்டுப் பார்க்கிறது. பொருந்தாவிட்டால் செய்தியைக் குப்பையில் போட்டுவிட்டு, பழைய வேகத்திலேயே போய்க்கொண்டிருக்கும். மொத்தச் செய்திக்கும் 5 முதல் 7 மில்லிசெகண்ட். கன்ட்ரோலர் சலிக்காமல் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருப்பதால் ஒன்று போனால் இன்னொன்று வரும்.

சோறு? பள்ளியில் படித்த நான்கு டயோடுப் பாலம்தான். எந்தப் பக்கமிருந்து வந்தாலும் உள்ளே ஒரே திசைக்கு மாற்றிக் கொடுத்துவிடும். மோட்டார் எந்தப் பக்கம் சுழல வேண்டும் என்பதைத் தண்டவாளம் தீர்மானிப்பதில்லை, டிகோடர் தீர்மானிக்கிறது. ‘முன்னே’ என்றால் இனி வலது தண்டவாளம் நேர்முனை என்று அர்த்தமில்லை. இன்ஜினின் சொந்த மூக்கு எந்தப் பக்கமோ அதுதான் முன்னே.

ஆக, ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினுக்கு அடியில் இரண்டு தண்டவாளத்தையும் முனை மாற்றிப் போட்டாலும் அதற்குத் தெரியாது! இந்த ஒரு வரிதான் திரும்பு வளையத்தின் சாவி. வளையத்தைப் பிற பாதையிலிருந்து வெட்டித் தனியாக்கி, அதற்கு ஒரு தானியங்கி முனைமாற்றி வழியாக மின்சாரம் கொடுக்கிறார்கள். முதல் சக்கரம் வெட்டைத் தாண்டும்போது இரு பக்கமும் முனை பொருந்தாவிட்டால், அந்த உலோகச் சக்கரமே இரண்டையும் இணைத்து ஷார்ட் ஆக்கும். மின்னோட்டம் சட்டென்று எகிறும். கன்ட்ரோலர் ‘ஐயோ’ என்று அணைவதற்குள், முனைமாற்றி அதை உணர்ந்து வளையத்தின் முனைகளை இடம் மாற்றிவிடும். ஷார்ட் போய்விட்டது. சில மில்லிசெகண்ட் வேலை. நிஜத்தில் 80 கிலோமீட்டர் வேகத்துக்குச் சமமாக ஓடும் மாதிரி ரயில் நொடிக்கு 25 சென்டிமீட்டர் போகிறது. 5 மில்லிசெகண்டில் அது நகர்வது ஒரு மில்லிமீட்டர் சொச்சம். அந்த நேரத்தில் ஒரு செய்தி சிதைந்திருக்கலாம். கடைசி எட்டு இலக்கம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும், அடுத்த செய்தி வந்து சேரும். இன்ஜினின் விளக்குகூடச் சிமிட்டாது.

ஒரு ஷார்ட்டைத் தடுப்பதற்குப் பதில், அதையே தகவலாக எடுத்துக்கொள்கிற இந்தக் குறும்பு எனக்கு அலுப்பதே இல்லை. பொறி பறந்து சக்கரம் கருக்கும் என்று கவலைப்படுபவர்களுக்காக, வெட்டுக்கு முன்னால் சின்ன உணரித் துண்டு வைத்து முன்கூட்டியே மாற்றும் வகையும் கிடைக்கிறது.

ஒருமுறை ஒரு பொறியியல் கல்லூரியில் இதைச் செய்துகாட்ட ஒரு சின்ன வளையம் வாங்கலாமே என்று சொன்னேன். “பொம்மைக்கு எப்படி சார் பில் போடுறது?” என்று கேட்டார்கள். அதே வருடம் அங்கே ஒரு உயர் ஆய்வு மையத்துக்குக் கிரானைட் முகப்பு வைத்தார்கள். அமெரிக்காவின் எம்ஐடியில் 1946இல் தொடங்கிய மாதிரி ரயில் மன்றத்தில், மேசைக்கு அடியில் ரிலேக்களோடு மல்லுக்கட்டிய மாணவர்களில் பலர் பின்னால் கணினிப் பக்கம் போனார்கள். ‘ஹேக்கர்’ என்ற சொல் இன்றைய பொருளில் வளர்ந்த இடங்களில் அந்த மன்றமும் ஒன்று. அந்தப் பொம்மைக்கும் யாரோ பில் போட்டிருப்பார்கள்.

ஓல்ட்டன் பையனுக்கு: வளையத்தின் இரண்டு வாயிலிலும், பாயின்ட்டை ஒட்டி, இரண்டு தண்டவாளங்களையும் வெட்டு. மொத்தம் நான்கு வெட்டு. ஒரு தண்டவாளத்தை மட்டும் வெட்டினால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதே. வெட்டுகளுக்கு நடுவில் இருக்கும் பகுதி உன் முழு ரயிலைவிட நீளமாக இருக்கட்டும். முன் சக்கரம் ஒரு வெட்டிலும் பின் சக்கரம் இன்னொரு வெட்டிலும் ஒரே நேரத்தில் நின்றால், முனைமாற்றி எந்தப் பக்கம் திருப்பினாலும் இன்னொரு பக்கம் ஷார்ட் ஆகும். அது டிக் டிக்கென்று தவித்துக்கொண்டே இருக்கும். பெட்டிகளின் சக்கரங்கள் பிளாஸ்டிக் என்றால் இந்தக் கணக்கில் இன்ஜினை மட்டும் சேர்த்தால் போதும். உன்னுடையவை உலோகமா என்று திருப்பிப் பார்.

வெட்டிய இடத்தில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி ஒட்டிவிடு. இரண்டு மீட்டர் தண்டவாளம் 20 டிகிரி சூடானால் அரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும். உன் ரம்பத்தின் வெட்டும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஜூலை மாத வெயில் ஜன்னல் வழியாக மேசையில் விழும்போது இடைவெளி மூடிக்கொண்டு, சிவப்பு விளக்கு மறுபடி எரியும். அன்றைக்கு வெள்ளிக்கிழமையாக இல்லாமல் இருந்தால் நல்லது.