ஈரம் போகும் நேரத்தில்தான் முடி நேராகிறது

காலையில் ஸ்ட்ரெய்ட்னர் வைத்து இழுத்துவிட்ட முடி, பஸ் ஸ்டாப் போய்ச் சேர்வதற்குள் சிலும்பிக்கொண்டு நிற்கும். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் இது தினப்படித் தொல்லை. சூடு போதவில்லை என்று நினைத்து மறுநாள் இன்னும் கூட்டி வைப்பார்கள். முடி கெடுவது அங்கேதான்.

முடி, கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரதச் சங்கிலிகளைப் பிடித்து வைத்திருக்கும் பிணைப்புகளில் டைசல்ஃபைடு வலுவானது. முடியை நிரந்தரமாக நேராக்கும் ரீபாண்டிங் ரசாயனம் போட்டால்தான் அசையும். ஹைட்ரஜன் பிணைப்போ தண்ணீர் பட்டாலே அவிழும், காய்ந்ததும் மறுபடி கோத்துக்கொள்ளும். காயும்போது முடி எப்படி வளைந்திருக்கிறதோ, அந்த வளைவு அப்படியே நிற்கும். ஈரத்தலையோடு பின்னல் போட்டு மறுநாள் அவிழ்த்தால் நெளிநெளியாக இருக்கிறதே, அதே கணக்குதான். ஆக, பாதிக்கு மேல் வேலை டிரையரிலேயே முடிந்துவிட வேண்டும். ஸ்ட்ரெய்ட்னர் மெருகு போடத்தான்.

கண்டிஷனரைக் காதுக்குக் கீழே மட்டும் தடவி, 3 நிமிடம் விட்டு அலசுங்கள். உச்சியில் பட்டால் முடி படிந்துவிடும். போர் தண்ணீரின் உப்பு முடியில் படிந்து சொரசொரப்பாக்கும் என்பதால், கடைசி ஒரு மக் மட்டும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுவது நல்லது. முடியின் மேல் செதில்கள் கூரை ஓடு மாதிரி நுனியைப் பார்த்து அடுக்கியிருக்கும். ஈரத்தில் ஊறிய நேரத்தில் துண்டால் பரபரவென்று தேய்த்தால் அவற்றின் விளிம்பு உடையும். பழைய பருத்தி டி-ஷர்ட்டால் ஒற்றி எடுத்தாலே போதும். பிறகு பட்டாணி அளவு சிலிகான் சீரம். தேங்காய் எண்ணெயை முந்தின இரவே வைத்துக் குளித்துவிடுங்கள். ஸ்ட்ரெய்ட்னரின் சூடான தகட்டில் அது புகையும்.

அடர்த்தியாகத் தெரிய வேண்டுமானால் குனிந்து, முடியைத் தலைகீழாகத் தொங்கவிட்டு முதலில் வேர்ப்பகுதியைக் காய வையுங்கள். டிரையர் 15 செ.மீ. தள்ளி, நடுத்தரச் சூட்டில், ஓரிடத்தில் நிற்காமல் நகர வேண்டும். அப்புறம் நிமிர்ந்து, 3 செ.மீ. அகலக் கற்றைகளாகப் பிரித்து, உருளைச் சீப்பில் விறைப்பாக மேல்நோக்கி இழுத்துப் பிடித்து, காற்றை வேரிலிருந்து நுனிக்கு அடியுங்கள். கடைசி 10 நொடி குளிர்காற்று. இதை விட்டுவிடாதீர்கள்: சூட்டோடு கைவிட்டால் தூக்கி நின்ற வேர் படிந்துபோகும்.

ஸ்ட்ரெய்ட்னரை எடுக்குமுன் பிடரி முடியைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சில்லென்று பட்டால் உள்ளே இன்னும் ஈரம் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் தகட்டை வைத்தால் 'ஸ்ஸ்' என்று சத்தம் வரும். உள்ளிருக்கும் தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் நீராவியாகி, முடிக்குள்ளேயே குமிழ் குமிழாக ஊதிவிடும். அந்த இடத்தில் முடி உடையும். உடைந்ததை எந்த சீரமும் ஒட்டவைக்காது.

மெல்லிய முடிக்கும் சாயம் போட்ட முடிக்கும் 150 முதல் 160 டிகிரி செல்சியஸ், சாதாரண முடிக்கு 170 முதல் 180, மிகத் தடித்த முடிக்கு 190 போதும். 200-ஐத் தாண்டினால் கெரட்டினின் அமைப்பே சிதையத் தொடங்கும். வேரிலிருந்து 2 செ.மீ. விட்டு, கற்றையை மேலே தூக்கிப் பிடித்து, ஒரு அடி நீளத்துக்கு 8, 10 நொடி ஆகும்படி நிதானமாக ஒரே இழுப்பு. நுனியில் மணிக்கட்டை லேசாக உள்பக்கம் திருப்பினால் குச்சி மாதிரி நிற்காது. சூடு ஆறும்வரை கிளிப், ரப்பர் பேண்டு எதுவும் வேண்டாம்.

வெளியே போனதும் சிலும்புவதற்குக் காரணம் காற்றில் உள்ள ஈரம். முடி தன் எடையில் கிட்டத்தட்ட 30 சதவீதம் வரை தண்ணீரை உறிஞ்சும். உறிஞ்ச உறிஞ்ச ஹைட்ரஜன் பிணைப்புகள் அவிழ்ந்து பழைய வளைவு திரும்பும். சிலிகான் பூச்சு அதைத் தாமதப்படுத்தும், தடுத்துவிடாது. சீரம் பாட்டிலின் பொருள் பட்டியலில் முதல் சில பெயர்களுக்குள் கிளிசரின் இருந்தால் மழைக்காலத்தில் தவிர்த்துவிடுங்கள், அது காற்றின் ஈரத்தை இழுக்கும். மறுநாள் வகிட்டோரம் மட்டும் சிலும்பியிருந்தால் தலை முழுக்கத் தகடு வைக்க வேண்டியதில்லை. விரலை நனைத்து அந்த இடத்தைத் தடவி, சீப்பால் இழுத்துப் பிடித்து ஒரு நிமிடம் டிரையர் காட்டினால் படிந்துவிடும்.