கொள்முதல் இடர்

தொழிற்சாலைக்குச் சரக்கு வாங்குவதில் வரக்கூடிய பாதிப்பை ‘பர்ச்சேஸ் ரிஸ்க்’ என்கிறார்கள். அதைத் தமிழில் எழுதும்போது சிலர் கொள்முதல் ஆபத்து என்கிறார்கள், சிலர் அபாயம், சிலர் இடர். மூன்றும் ஒன்றல்ல.

முதலில் கொள்முதல். ‘கொள்’ என்றால் வாங்கு. ‘கொள்வதூஉம் மிகை கொளாது கொடுப்பதூஉம் குறை கொடாது’ என்று வணிகர்களின் நேர்மையைப் பட்டினப்பாலை சொல்லும்போது, கொள்வது வாங்குவது, கொடுப்பது விற்பது. ‘முதல்’ என்பது போட்ட பணம். ஆக, வாங்கிய விலைதான் கொள்முதல். ‘கொள்முதலுக்கே கட்டவில்லை’ என்று வியாபாரிகள் சொல்வதும் இந்தப் பொருளில்தான். அப்புறம் வாங்கும் செயலுக்கே அது பெயராகிவிட்டது. இலங்கைத் தமிழில் இதற்குக் கொள்வனவு என்பார்கள். அந்தச் சொல்லில் பணம் இல்லை, வாங்குதல் மட்டுமே உண்டு. கொள்முதல் என்றதும் நம் கண் நேராக விலைக்குப் போவதில் சொல்லுக்குள் உட்கார்ந்திருக்கும் இந்த ‘முதலு’க்கும் பங்குண்டு என்று நினைக்கிறேன்.

‘ரிஸ்க்’ ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சு வழியாக வந்தது, பிரெஞ்சுக்கு இத்தாலியத்திலிருந்து. அதன் இலத்தீன் வடிவம் 12ஆம் நூற்றாண்டிலேயே மத்தியதரைக் கடல் வணிக ஒப்பந்தங்களில் வந்துவிட்டது. சரக்கு கரை சேராவிட்டால் நட்டம் யாருடையது என்பதைக் கப்பல் கிளம்பும் முன்பே பேசி எழுதிக்கொண்டார்கள். ரிஸ்க் என்பதன் உயிர் அந்த ‘முன்பே’யில் இருக்கிறது. நடக்கலாம், நடக்காமலும் போகலாம்.

ஆபத்து, அபாயம் இரண்டும் வடசொற்கள். ‘ஆபத்துக்கு உதவினான்’ என்றால் துன்பம் வந்தாயிற்று. அபாயம் என்று பலகை வைத்தால் கிட்டே போகாதே என்று பொருள். ஆனால் கிட்டே போகாமல் யாரும் சரக்கு வாங்க முடியாது. அதனால் இரண்டும் இங்கே பொருந்தவில்லை.

இடர் தமிழ்ச்சொல். அதுவும் முதலில் துன்பத்தையே குறித்தது. பொய்கையாழ்வார் ‘இடராழி நீங்குகவே’ என்று பாடுவது துன்பக் கடலைத்தான். வரக்கூடிய துன்பம் என்ற பொருளைத் துறைத்தமிழ்தான், அதாவது துறைசார்ந்த கலைச்சொற்களின் தமிழ்தான், அதற்கு ஏற்றியது. அதோடு ‘பேரிடர்’ என்றால் நடந்துவிட்ட பெருந்துயரம் என்று ஆகிவிட்டதால், ‘பெரிய இடர்’ என்று எழுதும்போது கொஞ்சம் குழப்பம் வரத்தான் செய்கிறது. இலங்கையின் ‘இடர்நேர்வு’ இன்னும் துல்லியமானது. இடர் நேர்வதையும் அது சேர்த்துச் சொல்கிறது. என்றாலும் இடர் குட்டையான சொல், பரவியும் விட்டது. அதையே வைத்துக்கொண்டு பொருளைத் தெளிவாக வரையறுத்துவிட்டால் போதும்.

இடர்களைக் கையாள்வதற்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 31000, குறிக்கோள்கள் மீது உறுதியின்மை ஏற்படுத்தும் விளைவே ரிஸ்க் என்கிறது. தொழிற்சாலையின் குறிக்கோள் உற்பத்தி ஓடுவது. ஆகவே விலையேற்றமும் நாணய மாற்று விகிதம் ஏறி இறங்குவதும் மட்டுமல்ல, வரத்து நிற்பதும் தரம் கெடுவதும் கொள்முதல் இடர்தான்.

1997 பிப்ரவரி 1 அன்று ஜப்பானின் கரியாவில் ஐசின் செய்கி நிறுவனத்தின் ஆலை எரிந்தது. பிரேக் அழுத்தத்தை அளவாக்கும் சின்ன வால்வு அங்கேதான் செய்யப்பட்டது. டொயோட்டா தனக்கு வேண்டிய அந்த வால்வுகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் அந்த ஓர் ஆலையிலிருந்தே வாங்கிவந்தது. கையிருப்பும் மிகக் குறைவு. ஜப்பானில் அதன் கார் உற்பத்தி நாட்கணக்கில் நின்றது. மற்ற பட்டறைகள் ஓடிவந்து வால்வு செய்து கொடுத்த பிறகே மீண்டும் ஓடியது. கொள்முதல் விலையை மட்டும் பார்த்தால் அந்த வால்வு யார் கண்ணிலும் பட்டிருக்காது.

1983இல் மேலாண்மை ஆலோசகர் பீட்டர் கிரால்ஜிச் எழுதிய கட்டுரை இப்படி ஒளிந்திருக்கும் இடரைப் பிடிக்க ஒரு வழி சொன்னது: ஒரு பொருள் லாபத்தை எவ்வளவு தொடுகிறது, அது கிடைப்பது எவ்வளவு கடினம் என்று இரண்டையும் பார். லாபத்தைக் குறைவாகத் தொட்டு, கிடைப்பதில் சிக்கல் உள்ளவற்றை ‘முட்டுக்கட்டைப் பொருள்’ எனலாம். பெரிய பேரம் பேசுவதைவிட, இவற்றுக்கு மாற்று வழங்குநரைத் தேடி வைப்பதும் வரத்து நின்றால் சமாளிக்கக் கூடுதலாகக் காப்பு இருப்பு வைப்பதும்தான் முக்கியம்.

சரி, ‘ரிஸ்க் மேனேஜ்மென்ட்’? இடர் ஒழிப்பு, இடர் நீக்கம் என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். இருப்பைக் கூட்டினால் பணம் முடங்கும், சரக்கு பழசாகும். இரண்டு வழங்குநர் என்றால் இரண்டு விதத் தரம் வரும், ஒவ்வொருவருக்கும் ஆர்டர் சிறுத்து விலையும் ஏறலாம். ஓர் இடரைக் குறைத்த இடத்தில் இன்னொன்று முளைப்பதால், இடர் மேலாண்மை என்பதே சரியான சொல்.