சிவப்புக் கைப்பிடி, வெள்ளிக் கைப்பிடி: விமானத்திலிருந்து குதிப்பவர்களின் அரசியலும் நம்பிக்கையும்

அமெரிக்காவின் எந்த ஸ்கைடைவிங் மைதானத்திலும் பொழுது சாய்ந்தபின் இரண்டு பேச்சுகள் காதில் விழும். ஒன்று, "அரசாங்கம் இந்த விளையாட்டில் கை வைக்கக் கூடாது." இன்னொன்று, "நேரம் வந்துவிட்டால் யார் தடுத்தாலும் நிற்காது." முதலாவது அரசியல், இரண்டாவது ஆன்மிகம் என்று நினைத்துத்தான் பேசுகிறார்கள். உண்மையில் இரண்டுமே பாதுகாப்பைப் பற்றிய கருத்துகள். ஒருவர் எத்தனை அடியில் கைப்பிடியை இழுப்பார் என்பது வரை இவற்றின் பாதிப்பு உண்டு.

முதலில் அரசியல். கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. பாராசூட் விஷயத்தில் போட்டிருக்கும் சட்டம் மிகச் சிறியது. பகுதி 105 என்பார்கள். வேண்டுமென்றே குதிப்பவர் ஒரே ஹார்னஸில், அதாவது உடலோடு கட்டும் பட்டையில், இரண்டு பாராசூட் அணிந்திருக்க வேண்டும்: வழக்கமாகத் திறக்கும் மெயின், அது கைவிட்டால் உதவும் ரிசர்வ். ரிசர்வை உரிமம் பெற்ற பாராசூட் மடிப்பவரான ரிக்கர் மடித்து முத்திரையிட வேண்டும். நைலான் வகை என்றால் 180 நாளுக்கு ஒருமுறை. 2008 வரை அது 120 நாளாக இருந்தது. மேகத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்க வேண்டும், கட்டுப்பாட்டு மையத்துக்கு எப்போது சொல்ல வேண்டும் என்றெல்லாம் இன்னும் சில விதிகள். அவ்வளவுதான். மற்றதெல்லாம் யு.எஸ்.பி.ஏ. எனப்படும் அமெரிக்கப் பாராசூட் சங்கம் தனக்குத்தானே போட்டுக்கொண்டவை. மாணவர் குதிக்கக் கூடிய காற்று வேகம் மணிக்கு 14 மைல், முதல் நிலையான 'ஏ' உரிமத்துக்கு 25 குதிப்பு, மாணவரும் 'ஏ' உரிமக்காரரும் 3,000 அடிக்குக் கீழே இறங்கும் முன் மெயினைத் திறந்தாக வேண்டும், பயணியைத் தன்னோடு கட்டிக்கொண்டு பயிற்றுநர் குதிக்கும் டேண்டம் என்றால் 5,000 அடி. இவை சங்கத்தின் விதிகள், சட்டமல்ல.

ஆக "எங்களை நாங்களே பார்த்துக்கொள்வோம்" என்பது வெறும் வீரவசனம் அல்ல. 1970களில் அமெரிக்காவில் ஆண்டுக்குச் சராசரியாக 40 பேருக்கு மேல் இறந்தார்கள். 2023இல் சுமார் 36.5 லட்சம் குதிப்புகளுக்கு 10 பேர், 2024இல் சுமார் 38.8 லட்சத்துக்கு 9 பேர். சங்கத்துக்குள் சண்டை இல்லாமல் இது நடக்கவில்லை. அனுபவசாலிகளின் குறைந்தபட்சத் திறப்பு உயரம் நெடுங்காலம் 2,000 அடி. 2013இல் அதை 2,500 ஆக்கியபோது எழுந்த முணுமுணுப்பு கொஞ்சநஞ்சமல்ல. காரணம் எளிது. இன்றைய மெயின்கள் மெதுவாக, சொகுசாகத் திறக்கும்படி வடிவமைக்கப்பட்டவை. திறந்து முடிக்க 600 முதல் 1,000 அடி வரை தின்றுவிடும். 2,000த்தில் இழுத்தால், கோளாறு என்று கண்ணுக்குத் தெரியும்போது தரை பெரிதாகிவிட்டிருக்கும்.

ஆனால் சுயாட்சி வாதம் விமானத்தின் கதவருகே வந்ததும் நொண்டுகிறது. 1980க்குப் பிறகு பாராசூட் குதிப்பு விமானங்களின் 32 விபத்துகளில் 172 பேர் இறந்ததாக தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2008இல் அறிக்கை வெளியிட்டது. 2019 ஜூனில் ஹவாய் மாநிலத்தின் ஓவாஹு தீவிலுள்ள மொகுலேயாவில் ஒரு கிங் ஏர் விமானம் புறப்பட்ட உடனே விழுந்து 11 பேர் இறந்தார்கள். காசு வாங்கிக்கொண்டு ஆளை ஏற்றினாலும், இந்த விமானங்கள் பயணிகள் வாடகை விமானத்துக்கான கடும் விதிகளில் வராமல், பொது விமானங்களுக்கான பகுதி 91இன் கீழ்ப் பறக்கின்றன. இதில் என் கருத்து பல தோழர்களுக்குப் பிடிக்காது: இங்கே அரசு இன்னும் இறுக்க வேண்டும். என் மெயினை நானே மடிக்கிறேன், நானே பார்க்கிறேன். எஞ்சினை எப்போது பிரித்துப் பார்த்தார்கள் என்பது எனக்கும் தெரியாது, பிறந்தநாளுக்கு டேண்டம் குதிக்க வரும் வாடிக்கையாளருக்கும் தெரியாது. பார்க்க முடியாத பொருளுக்குச் சுயக்கட்டுப்பாடு என்று பெயர் வைப்பதில் பொருளில்லை.

அந்த விமானத்தில் உட்காரும்போது செய்ய வேண்டியது: பெல்ட்டை 1,500 அடி வரை கழற்றாதீர்கள். ஹெல்மெட்டைத் தலையில் மாட்டுங்கள் அல்லது ஹார்னஸில் கொக்கியிடுங்கள்; விமானம் குலுங்கினால் மடியில் கிடக்கும் ஹெல்மெட் பீரங்கிக் குண்டு. மெயினை வெளியே இழுக்கும் சின்னப் பாராசூட்டுக்குப் பைலட் சூட் என்று பெயர்; கதவு திறந்திருக்கும்போது முதுகின் கீழ்ப்பக்கம் இருக்கும் அதன் கைப்பிடி எதிலும் உரசக் கூடாது. அது கதவுக்கு வெளியே நழுவினால் நீங்களும் அதன் பின்னாலேயே போவீர்கள், போகிற வழியில் விமானத்தின் வாலையும் இடிக்கலாம்.

அரசியல் மேடைக்கும் மைதானத்துக்கும் கொடியோடு குதிப்பது தனிக் கலை. 2022 ஏப்ரல் 20 அன்று வாஷிங்டன் பேஸ்பால் மைதானத்தில் ராணுவத்தின் கோல்டன் நைட்ஸ் குழு குதிக்க இருந்தது. நாடாளுமன்றக் காவல்துறைக்கு முன்கூட்டியே தகவல் போகவில்லை. வட்டமடித்த விமானத்தைப் பார்த்து மிரண்டு, நாடாளுமன்றமான கேப்பிட்டல் கட்டடத்தையே காலி செய்தார்கள். அனுமதிக் காகிதம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டாம். கொடியைப் பொறுத்தவரை ஒரே விதிதான்: மெயின் திறந்து, சதுரமாக நின்று, திருப்பிப் பார்த்து, பிறகே கொடியை இறக்க வேண்டும். ஒரு இழுப்பில் அதைக் கழற்றி எறிய வழி இல்லையென்றால் அந்தக் கொடி எந்தக் கட்சியுடையதாக இருந்தாலும் எடுத்துப் போகாதீர்கள்.

இனி சாமி விஷயம். இந்த விளையாட்டில் மிக அதிகமாகக் கும்பிடப்படும் தெய்வம் ரிசர்வ் பைக்குள் இருக்கும் ஒரு சின்னப் பெட்டி. ஏ.ஏ.டி., தானாக ரிசர்வைத் திறக்கும் கருவி. 1991இல் ஜெர்மனியின் ஹெல்முட் க்ளோத் கொண்டுவந்த சைப்ரஸ் இதில் பெரும் திருப்பம். அதற்கு முந்தைய கருவிகள் நேரங்கெட்ட நேரத்தில் இயங்கியதால் பழைய ஆட்கள் இதைப் பல காலம் நம்பவில்லை. இன்றோ நிலைமை தலைகீழ். கருவி இருக்கிறது என்ற தைரியத்தில் தாழ இழுக்கிறார்கள். மூன்று வளையப் பூட்டைக் கண்டுபிடித்த பில் பூத், கருவி எவ்வளவு பாதுகாப்பாகிறதோ அவ்வளவு துணிச்சலை மனிதன் கூட்டிக்கொள்வான் என்று ஒரு விதியே வகுத்திருக்கிறார்.

அந்தத் தெய்வம் என்ன செய்கிறது என்று தெரிந்தால் பக்தி கொஞ்சம் தெளியும். அனுபவசாலிகளுக்கான சைப்ரஸ், சுமார் 750 அடியில் நீங்கள் விநாடிக்கு 35 மீட்டருக்கு மேல் விழுந்துகொண்டிருந்தால், ரிசர்வை மூடியிருக்கும் கயிற்று வளையத்தை வெட்டும். அவ்வளவே. வயிற்றுப்பக்கமாக விழுபவர் விநாடிக்கு ஏறக்குறைய 180 அடி இறங்குகிறார். 750 அடி என்றால் நான்கு விநாடி மிச்சம். அதில் ரிசர்வ் திறக்கவே மூன்று விநாடி வரை ஆகலாம். இன்னொரு சிக்கல்: பதறிப்போய் 1,000 அடியில் மெயினை இழுத்தால், அது திறந்து முடிக்கும் முன்பே கருவியும் வெட்டிவிடும். தலைக்கு மேல் இரண்டு கேனபி, அதாவது விரிந்த பாராசூட் துணி. இரண்டும் முன்பின்னாக ஒட்டிப் பறந்தால் முன்னதை மெல்லத் திருப்பி அப்படியே இறங்கலாம். இரண்டும் எதிரெதிராகப் பிரிந்து தரையை நோக்கிப் பாய்ந்தால் மெயினை உடனே வெட்டிவிட, அதாவது கைப்பிடியை இழுத்துக் கழற்றிவிட வேண்டும். மாணவர் வகைக் கருவி விநாடிக்கு 13 மீட்டரிலேயே வெட்டும். ஆகவே மாணவர் தாழ்வான உயரத்தில் நல்ல கேனபியைச் சுழற்றிச் சுழற்றி இறங்கினால் அதுவே ரிசர்வை வெளியே தள்ளிவிடும்.

கருவியைத் தரையில், குதிக்கும் மைதானத்திலேயே இயக்க வேண்டும். அந்தத் தரையின் காற்றழுத்தத்தைத்தான் அது சுழியமாக எடுத்துக்கொள்கிறது. காலையில் வீட்டில் இயக்கிவிட்டு மலை மேலிருக்கும் மைதானத்துக்குப் போனால் கணக்கு தப்பும். விமானத்துக்குள் இயக்கவே கூடாது. 14 மணி நேரத்தில் அது தானே அணையும்.

விதி என்று சொல்லும் நண்பர்களிடம் ஒரு கேள்விதான். 2,500 அடியில் மெயின் சுருண்டு சுழல்கிறது. அப்போது கைகள் எங்கே போகும்? அதைத் தரையில் ஹார்னஸில் தொங்கியபடி நூறு முறை செய்து பழகாதவர், விதி வேலை செய்ய வாய்ப்பு கொடுக்கிறார் என்றுதான் அர்த்தம். மாணவருக்கும் 'ஏ' உரிமக்காரருக்கும் முடிவெடுக்கும் உயரம் 2,500 அடி. அதற்கு மேல் உரிமம் உள்ளவர்களுக்கு 1,800. அந்த எண்ணைத் தொட்டதும் யோசனை நின்றுவிட வேண்டும். வலது மார்பில் இருக்கும் சிவப்புக் கைப்பிடியைக் கண்ணால் பார்த்துப் பிடியுங்கள். இடது மார்பில் இருக்கும் வெள்ளிக் கைப்பிடியைப் பாருங்கள். சிவப்பை உரித்து, கை முழுதும் நீளும்வரை இழுங்கள், மெயின் பிரியும். உடனே வெள்ளியைக் கடைசிவரை இழுங்கள். பாதி இழுத்த சிவப்பு மோசமானது: ஒரு பக்கம் பிரிந்து மறுபக்கம் பிடித்துக்கொள்ளலாம். இரண்டு கேனபியும் எதிரெதிராகப் பிரிந்த நிலையைத் தவிர, 1,000 அடிக்குக் கீழே வெட்டுவதைப் பற்றியே நினைக்காதீர்கள், வெள்ளியை மட்டும் இழுத்து தலைக்கு மேல் இன்னும் துணியைச் சேருங்கள்.

வெட்டிய மெயின் போகிற வேகத்திலேயே ரிசர்வின் ஊசியை இழுத்துவிடும் ஒரு பட்டை உண்டு, ஆர்.எஸ்.எல். என்பார்கள். இதை மாட்டலாமா, கழற்றலாமா என்பதில் சைவ வைணவச் சண்டை அளவுக்கு இரண்டு கட்சி. மிகச் சிறிய கேனபி பறப்பவர்கள் சுழற்சிக்கு நடுவே ரிசர்வ் முறுக்கிக்கொள்ளும் என்று பயப்படுகிறார்கள். சில நூறு குதிப்பு செய்தவர்கள் அந்த வாதத்தைக் கடன் வாங்கிக் கழற்றி வைப்பதுதான் எரிச்சல். வெட்டியபின் உடல் நிலைக்கு வரட்டும் என்று காத்திருந்து தரையைத் தொட்டவர்கள் இருக்கிறார்கள். மாட்டியே வையுங்கள்.

சிவப்புக் கைப்பிடி வேலை செய்ய, அதன் மறுமுனையில் இருக்கும் மூன்று வளையம் இளகி இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை பிரித்து, கேனபியின் கயிறுகளை ஹார்னஸோடு இணைக்கும் ரைசர் பட்டையை வளைத்துத் தளர்த்துங்கள். மஞ்சள் கேபிளைத் துடைத்து, தயாரிப்பாளர் சொன்ன எண்ணெயை மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். மண், வியர்வை, கடற்கரை மணல் இவைதான் எதிரி. மடிக்கும்போது மறக்கப்படும் இன்னொன்று பைலட் சூட்டை நடுக்கயிறு இழுத்துத் தயார்செய்வது. தயார் செய்யாத பைலட் சூட் காற்றில் கந்தலாக இழுபடும், ஊசியை உருவாது அல்லது பையை முதுகிலிருந்து தூக்காது. பைலட் சூட் பட்டையில் இருக்கும் சின்ன ஜன்னலில் வண்ணம் தெரிகிறதா என்று ஒரு பார்வை போதும்.

இவ்வளவு சொன்னாலும், சாவுகளில் கணிசமான பங்கு நன்றாகத் திறந்த பாராசூட்டின் கீழ்தான் நிகழ்கிறது. கருவியும் பழுதில்லை, துணியும் பழுதில்லை. தரைக்கு அருகே வேலியையோ இன்னொருவரையோ கண்டு கேனபியைத் திருப்பும் கயிற்றை ஒரு பக்கம் முழுதாக இழுத்துவிடுகிறார்கள். கேனபி பக்கவாட்டில் சாய்ந்து தரையை நோக்கிப் பாய்கிறது, நிமிர நேரமில்லை. தப்பிக்க வழி உண்டு: இரண்டு கயிற்றையும் பாதிவரை இழுத்துக்கொண்டு, பிறகு ஒரு பக்கத்தை மட்டும் சிறிது கூட்டித் தட்டையாகத் திருப்புங்கள். காற்று பின்னாலிருந்து தள்ளினாலும் பரவாயில்லை, இறக்கை மட்டமாக, கால்கள் இரண்டும் ஒட்டி, முழங்கால் மடங்கி இறங்கி உருளுங்கள். 1,000 அடியில் காற்றோடு, 600இல் குறுக்கே, 300இல் காற்றை எதிர்த்து என்று வழக்கமான பாதையை முன்பே போட்டவருக்கு அந்தக் கடைசி நேரத் திருப்பமே தேவைப்படாது. கேனபி அளவும் கணக்குத்தான். எடை 165 பவுண்டு, சாமான் 25 பவுண்டு என்றால் 190 சதுர அடிக் கேனபியில் சதுர அடிக்கு ஒரு பவுண்டு. தொடக்கக்காரர் அதைத் தாண்டக் கூடாது.

டேண்டம் குதிக்கப் போகும் வாசகர்கள் பயிற்றுநரின் உரிம அட்டையைக் கேட்டுப் பார்ப்பதில் கூச்சப்பட வேண்டாம். 2016இல் கலிஃபோர்னியாவில் பதினெட்டு வயது இளைஞரோடு குதித்து இருவரும் இறந்த சம்பவத்தில், பயிற்றுநருக்கு முறையான டேண்டம் தகுதி இல்லை என்பது பிறகுதான் வெளிவந்தது. குறைந்தது மூன்றாண்டு அனுபவமும் 500 குதிப்பும் எஃப்.ஏ.ஏ. கேட்கும் தகுதியில் அடக்கம். விமானத்தில் உங்களை அவரோடு கோக்கும் கொக்கிகள் நான்கு: தோளில் இரண்டு, இடுப்பில் இரண்டு. ஒவ்வொன்றையும் அவர் தொட்டுச் சொல்ல வேண்டும். சொல்லவில்லையென்றால் கேளுங்கள்.

திருநீறோ குங்குமமோ தடையில்லை, காற்று முதல் பத்து விநாடியிலேயே துடைத்துவிடும். தாலிச் சரடு, ருத்திராட்ச மாலை, கழுத்துக் கயிறு எல்லாவற்றையும் சட்டைக்குள் விட்டு மேல்பொத்தானைப் போடுங்கள். மணிக்கு 120 மைல் காற்றில் வெளியே கிடக்கும் சங்கிலி முகத்தில் சாட்டையடி அடிக்கும், கொக்கியிலும் மாட்டும். கூந்தலை வெறுமனே முடியாமல் இறுக்கிப் பின்னி உள்ளே செருகுங்கள். மோதிரத்தைக் கழற்றிக் காரில் வையுங்கள். ஸ்கூபா மூழ்கியிருந்தால் 24 மணி நேரம் கழித்தே குதியுங்கள். இறங்கும்போது பயிற்றுநர் "காலைத் தூக்கு" என்றால், முழங்கால் இடுப்பு உயரத்துக்கு வரும்வரை தூக்கி, அவர் விடச் சொல்லும்வரை அப்படியே பிடித்திருங்கள். டேண்டம் பயணிகளுக்கு வரும் கணுக்கால் முறிவுகளில் பல, தரையைப் பார்த்ததும் காலை நீட்டி நிற்கப் பார்ப்பதால் வருபவை.