பிடித்து வைக்கும் புரதத்தை நீக்கினால் குட்டி ஏன் சிறுத்தது?

வளர்ச்சிக்கு முட்டுக்கட்டை போடும் புரதத்தின் மரபணுவை எலியிலிருந்து நீக்கிவிட்டால் குட்டி பெரிதாகத்தானே பிறக்க வேண்டும்? 2008-இல் வெளியான ஓர் ஆய்வில் அப்படி ஒன்றை நீக்கிப் பார்த்தார்கள். குட்டிகள் 10 முதல் 15 சதவீதம் சிறிதாகப் பிறந்தன.

சரி, முதலில் ஆள் யார் என்று பார்ப்போம். ஐஜிஎஃப் என்பவை வளர்ச்சியைத் தூண்டும் புரதங்கள், இன்சுலினுக்கு உறவுக்காரர்கள், 1, 2 என்று இரண்டு. எலிக்கருவில் ஐஜிஎஃப்-2-க்குத்தான் பெரிய வேலை: 1990-இல் அதன் மரபணுவை முடக்கியபோது குட்டிகள் வழக்கமான எடையில் 60 சதவீதம்தான் இருந்தன. இவை உடலில் தனியாகத் திரிவது அபூர்வம், ஆறு பிணைப்புப் புரதங்களில் ஏதாவது ஒன்று பிடித்து வைத்திருக்கும் (பிபி-1 முதல் பிபி-6 வரை என்று வைத்துக்கொள்வோம், ரத்த அழுத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). பிடிபட்ட ஐஜிஎஃப், செல்லின் மேலிருந்து அதன் சேதியை வாங்கும் புரதமான ஏற்பியைத் தொட முடியாது. முட்டுக்கட்டை என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

ஆனால் பிடிப்பது என்றால் பத்திரப்படுத்துவதும்தான். தனியாக விட்டால் ரத்தத்திலுள்ள ஐஜிஎஃப்பில் பாதி சுமார் 10 நிமிடத்தில் காணாமல் போய்விடும். பிறந்து வளர்ந்த உடலில் பிபி-3-உம் இன்னொரு புரதமும் சேர்ந்து அணைத்துக்கொண்டால் அதே பாதி குறைய 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

கருவில் விஷயம் இன்னும் நுணுக்கமானது, ஏனென்றால் எந்த மரபணு எந்த இடத்தில் வேலை செய்கிறது என்பதுதான் அங்கே கணக்கு. கருவைக் காகிதத்தைவிட மெல்லிய சீவல்களாக வெட்டி, ஒரு குறிப்பிட்ட தூது ஆர்என்ஏ-வில் (மரபணு இயங்கும்போது உண்டாகும் அதன் நகல்) மட்டும் ஒட்டும் கதிரியக்க இழையை மேலே விட்டால், அந்த மரபணு இயங்கும் இடம் படத்தில் பொட்டுப் பொட்டாகத் தெரியும். எலிக்கருவின் கால் மொட்டை, அதாவது பிறகு காலாக வளரும் புடைப்பை, இப்படிப் பார்த்தால், உள்ளே இளந்திசுவில் ஐஜிஎஃப் தயாராகிறது. அதைப் போர்த்திய தோலின் நுனியில், மொட்டை நீளச் செய்யும் மெல்லிய வரப்பில், பிபி-2. தயாரிப்பது ஒரு திசு, பிடிப்பது பக்கத்துத் திசு.

பிபி-1 வேறு ரகம், அது அசல் முட்டுக்கட்டை. ஆக்சிஜன் குறைந்தால் கருவின் கல்லீரல் அதன் மரபணுவை முடுக்கிவிடுகிறது, வளர்ச்சி மெதுவாகிறது, கரு இருப்பதை வைத்துச் சமாளிக்கிறது. கருப்பையில் வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தில் பிபி-1 கூடுதலாக இருக்கும்.

அப்புறம் அந்தச் சிறுத்த குட்டிகள். நீக்கியது பிபி-4. அதை வெட்ட பாப்-ஏ என்று ஒரு நொதி இருக்கிறது, அதுவும் பிபி-4 ஐஜிஎஃப்பைப் பிடித்திருக்கும்போதுதான் நன்றாக வெட்டும். வெட்டினால் ஐஜிஎஃப் அந்த இடத்திலேயே விடுபடும். பிபி-4 இல்லாவிட்டால் தடையும் இல்லை, தேவைக்கு எடுக்கச் சேமிப்பும் இல்லை. பாப்-ஏ இல்லாத எலிகளோ இன்னும் மோசம், சேமிப்பு இருந்தும் திறக்க ஆளில்லாமல் 60 சதவீத அளவிலேயே பிறக்கின்றன. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் டவுன் சிண்ட்ரோம் பரிசோதனைக்காகத் தாயின் ரத்தத்தில் அளப்பதும் இதே பாப்-ஏ-வைத்தான். அது மிகவும் குறைவாக இருந்தால் குழந்தை சிறிதாகப் பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது.